கமெரா யாருடைய கையில்?

புகைப்படம் பொய்யுரைக்காது என்று நம்புவோர் இன்றும் உளர். கருவி கண்டதைக் காட்டுகிறது. எடுப்பவனின் சார்புக்கு அதில் இடமேது என்பது அன்னாரின் வாதம். செஸ்டர் ஹிக்கின்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரின் மாணவப் பருவத்தை நோக்குவோர் அவ்வாறு வாதிடத் துணியார்.

அலபாமா மாநிலத்தில் 1881இல் கறுப்பின மக்களுக்கென எழுந்தது டஸ்கீகிக் கல்விநிலையம். அறுபதுகளின் பிற்பகுதியில் அங்கு பயின்ற ஹிக்கின்ஸ், மாணவர் பத்திரிகையின் வணிகப் பொறுப்பாளராக இருந்தார். விளம்பரம் திரட்டும் அலுவலே அவரைப் பி. எச். போல்க்கின் படப்பிடிப்பு நிலையத்துக்கு இட்டுச் சென்றது. (கலைக்கும் கணக்கேட்டுக்கும் தொடர்பில்லை என்பாரும் இதனைக் கவனிப்பாராக!) முப்பதுகளில் போல்க் எடுத்த நாட்டுப்புற மக்களின் உருவப்படங்களை அங்கு அவர் கண்டார். தம் ஊரில் தம்மை வளர்த்தெடுத்த முதியோரை ஒத்த முகங்கள் அவை. அவர்களை அவ்வாறே படம்பிடிக்க விரும்பி, போல்க்கிடம் கமெராவை இரவல் கேட்டார்.

போல்க்கின் படங்களுள் 1932இல் எடுக்கப்பட்ட ‘எஜமானி’ பேர்பெற்றது. தலையிலே துணி, உழைத்து நைந்த உடை, இடுப்பிலே ஊன்றிய கை, நம்மை அளந்து பார்க்கும் கண்கள். அவளிடம் இரங்கத்தக்கது எதுவுமில்லை. பிறர் வீட்டிலும் வயலிலும் ஏவல் கேட்கும் இனத்தவள் எனச் சமூகம் வகுத்து வைத்த ஒருத்திக்கு எஜமானி எனப் பெயரிட்டமையே அச்சமூகத்தின் மீதான கண்டனமாகிறது.

ஆயினும் நிலையத்துக்குள் எடுக்கும் படத்துக்கும் வீதியில் எடுக்கும் படத்துக்கும் வேறுபாடு உண்டு. மொன்ட்கொமறி நகரிலே உரிமை கோரிச் சென்ற மாணவருள் ஹிக்கின்ஸும் ஒருவர். மறுநாட் பத்திரிகைகளிலே தம்மவர் காடையராகவும் தீவைப்போராகவும் தோற்றமளித்ததைக் கண்டதாக அவர் பின்னர் கூறியிருக்கிறார். அரசிடம் முறையிடச் சென்ற குடிமக்கள் எங்கே? கமெரா அதுவே, ஊர்வலமும் அதுவே. நின்ற இடமும், அமுக்கிய கணமும், தெரிந்தெடுத்த ஆசிரியரின் வர்க்கமும் வேறு. இவ்வுண்மையை எந்த அழகியல் நூலும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

1969இல் நியூயோர்க் சென்ற அவருக்கு ‘லுக்’ சஞ்சிகையின் ஆதர் றொத்ஸ்ரைன் வழிகாட்டினார். 1937இல் அரசாங்க ஊழியராக அலபாமாவின் கறுப்பினக் குத்தகை விவசாயிகளைப் படமெடுத்தவர் இவரே. 1975 முதல் 2014 வரை ‘நியூயோர்க் டைம்ஸ்’ பத்திரிகையில் ஹிக்கின்ஸ் பணியாற்றினார்.

மாண்பைச் சித்திரித்தால் மட்டும் போதுமா என நண்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ‘எஜமானி’ எடுக்கப்பட்ட அதே 1932இல், டஸ்கீகி அமைந்த அதே மேக்கன் மாவட்டத்தில், அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை ஓர் ஆய்வைத் தொடங்கிற்று. ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்கள் அதற்குட்பட்டனர். அவருள் 399 பேர் சிபிலிஸ் நோயாளர். உண்மை அவர்களுக்கு மறைக்கப்பட்டது. பெனிசிலின் கைக்கு வந்த பின்னரும் அது அவர்களுக்கு வழங்கப்படவில்லை. கல்விநிலையத்தின் மருத்துவமனையும் இதற்கு உடன்பட்டிருந்தது. 1972இலேயே இக்கொடுமை வெளிப்பட்டு முடிவுற்றது. போல்க்கின் படங்களிலே அம்மாவட்டத்தின் முகங்கள் உள; அம்முகங்களைச் சூழ்ந்த கடனும் நோயும் ஆட்சியும் இல்லை. நிலையத்தின் திரைச்சீலை அவற்றை மறைத்து விடுகிறது.

இதற்காகப் போல்க்கை நிராகரிப்பது வரட்டுவாதமாகும். நிறவெறி கோலோச்சிய தெற்கிலே, கறுப்பினப் பெண்ணொருத்தியைத் தலைநிமிர்ந்து நிற்பவளாகக் காட்டுவதற்கே துணிவு வேண்டியிருந்தது. நமது குறை ஹிக்கின்ஸின் பிற்காலம் பற்றியது. நைல் நதியின் தொன்மையையும் ஆன்மிகத்தையும் நாடிச் சென்ற அவரது படங்கள் அழகியவை. மொன்ட்கொமறி வீதியிலே அந்த மாணவர் எழுப்பிய வினா அவற்றில் அருகியே ஒலிக்கிறது.