கிழவனாகாத கிழவன்

கூடைப்பந்துக் கணினி விளையாட்டுகளை ஆடுகிறவர்கள் பல வருஷமாகக் கேட்டுவருவது ஒன்று: வீரர்களுக்கு நிஜம்போல வயதாக வேண்டும். 1999-ல் தொடங்கிய 'என்பிஏ 2கே' வரிசை இந்தக் கோரிக்கைக்கு நிறையவே இணங்கியிருக்கிறது. அதில் ஒரு அணியின் பொது மேலாளராக உட்கார்ந்து பருவம் பருவமாக ஓட்டலாம். ஒவ்வொரு வீரனுக்கும் வேகம், குதி, மூச்சு, எறியும் கை என்று தனித்தனி எண்கள். உச்ச வயது எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதுகூட அவன் கணக்கில் எழுதியிருக்கும். முப்பதைத் தாண்டினால் முதலில் வேகமும் குதியும் இறங்கும். கையும் ஆட்டத்தைப் படிக்கும் புத்தியும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். பிறகு அவையும் போகும். ஒரு கோடையில் பட்டியலில் பெயர் இருக்காது, ஓய்வு. அந்த இடத்துக்குக் கணினியே பெயர் வைத்து, முகம் வைத்து ஒரு பத்தொன்பது வயதுப் பையனை அனுப்பும்.

இது யதார்த்தம் என்கிறார்கள். யதார்த்தவாதம் பற்றி நம் சிறுபத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்திருக்கின்றன. அப்போது கேட்ட கேள்வியையே இங்கேயும் கேட்க வேண்டியிருக்கிறது: யார் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிகிற யதார்த்தம்?

எனக்குத் தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவன் விடிய விடிய இதை ஆடுகிறவன். முப்பத்திமூணு வயது ஆட்டக்காரன் ஒருத்தனைத் திரையில் காட்டி, "இவன் இன்னும் ரெண்டு வருஷம்தாண்ணே. மதிப்பு இருக்கும்போதே தள்ளிவிட்றணும்" என்றான். பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுகிற குரல். பையன் கெட்டவனில்லை. உட்கார்ந்திருக்கிற நாற்காலி அப்படி. அங்கிருந்து பார்த்தால் முழங்கால் வலி தெரியாது. ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் ஆண்டுகள் தெரியும், ஆளை மாற்றிக்கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பது தெரியும். வயது இங்கே ஒரு தேய்மானக் கணக்கு. (வீரனாகவே ஆடும் வகையும் உண்டு. அங்கே நாம் வளர்ந்துகொண்டே போவதுதான் கவர்ச்சி. தேய்வது மற்றவர்கள் பாடு.)

தேய்மானம் விருத்தாசலத்துக்காரனுக்குப் பழகிய சொல். பீங்கான் பொம்மை வார்க்கும் பிளாஸ்டர் அச்சு, களிமண் கூழின் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி, சில பத்து வார்ப்புகளுக்குப் பிறகு மழுங்க ஆரம்பிக்கும். பொம்மையின் மூக்கும் விரலும் முதலில் போகும். தொழில் கணக்கில் அச்சுக்குத் தேய்மானம் உண்டு, சூளைக்கு உண்டு. சிலிக்காத் தூசியைச் சுவாசிக்கிற நெஞ்சுக்கு எந்தப் பத்தியிலும் இடம் கிடையாது. ஒருவிதத்தில் விளையாட்டு இதைவிட நாணயமானது. உடம்பு தேய்கிறது என்று எழுதியாவது வைக்கிறது. ஆனால் யாருடைய உடம்பு? 'மைலீக்' என்ற வகையில் 80 பருவங்கள்வரை ஓட்டலாம். எண்பது வருஷம்! அதற்குள் நாலைந்து தலைமுறை ஆட்டக்காரர்கள் வந்து, உச்சம் தொட்டு, போய்விடுவார்கள். மேலாளருக்கு ஒரு முடி நரைக்காது.

தமிழில் இதற்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. கிழவன், கிழத்தி என்றால் தொல்காப்பியத்தில் உரியவன், உரியவள். கிழமை என்றால் உரிமை. பின்னாளில் வயதானவர் என்ற பொருளே பேச்சு வழக்கில் நின்றது. கணினி இரண்டு பொருளையும் பிரித்து இரண்டு ஆளுக்குக் கொடுத்துவிட்டது: உரிமை மேலாளருக்கு, மூப்பு ஆட்டக்காரனுக்கு.

எங்கள் ஊரின் பழைய பெயரே முதுகுன்றம். கோயிலில் விருத்தாம்பிகையும் உண்டு, பாலாம்பிகையும் உண்டு. பசியோடு வந்த குரு நமசிவாயர் அம்மனைக் கிழத்தி என்று பாடிச் சோறு கேட்டாராம். கிழவி எப்படிச் சோறு கொண்டு வருவாள், இளையவளாகப் பாடு என்றாளாம் அவள். பாடினார், இளையவளாக வந்து சோறு போட்டாள். பக்தர்கள் இதைக் கருணை என்பார்கள். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. வேலை கேட்கிற இடத்தில்தான் வயதும் கேட்கப்படுகிறது. சோறு கொண்டு வர வேண்டியவள் இளமையாக இருந்தாக வேண்டும். பாடுகிறவரின் வயதைப் பற்றிக் கதைக்கு அக்கறை இல்லை.

சரி, இந்த இறங்குகோடு எங்கிருந்து வருகிறது? பழைய ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரத்திலிருந்து. அதிலேயே ஒரு ஓட்டை. முப்பத்தைந்து வயதுக்காரர்களின் புள்ளிவிவரம் என்பது அந்த வயதுவரை அணியில் வைத்துக்கொள்ளப்பட்டவர்களுடையது மட்டும்தான். முப்பதில் வெளியே தள்ளப்பட்டவன் அதில் இல்லை. அவன் தளர்ந்ததால் தள்ளப்பட்டானா, சம்பளம் ஏறியதால் தள்ளப்பட்டானா என்பதும் இல்லை. நிர்வாகத்தின் முடிவுகள் இயற்கையின் விதியாக வேஷம் கட்டி வருகின்றன. மறுபக்கம் லெப்ரான் ஜேம்ஸ், 1984 டிசம்பரில் பிறந்தவர். 2கே14-ல் அவருக்கு 99 மதிப்பெண். 2024 அக்டோபரில் சொந்த மகனோடு ஒரே அணியில் களமிறங்கினார். அந்த ஆண்டு வந்த 2கே25-ல் 95. நாலே நாலு எண்தான் இறக்கம். அதிசயப் பிறவி என்கிறார்கள். இருக்கட்டும். உடம்பைப் பேணவே தனியாக ஆள் வைத்துக்கொள்ள முடிந்தவரின் மூப்பும், பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்துபோகிறவனின் மூப்பும் ஒன்றா?

நம் பக்கம் வந்தால் கோடே குலைந்துவிடுகிறது. இங்கே வயது உடம்பில் ஆரம்பிப்பதில்லை, காகிதத்தில் ஆரம்பிக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் ஜூன் கணக்குக்கு ஒத்துவர எழுதிய பிறந்த தேதியோடு வாழ்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! கிரிக்கெட் வாரியம் சிறுவர்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. மூப்பும் அப்படித்தான். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு வயது 18 முதல் 25. அதற்குள் வேலை கிடைத்தவருக்கு ஆட்டம் தொடரும். கிடைக்காதவர் இருபத்தாறில் கிழவர். எந்த முழங்காலும் இதைத் தீர்மானிக்கவில்லை.

தெற்கு ரயில்வேயின் அனிதா பால்துரை 2000 முதல் 2017 வரை இந்திய அணிக்கு ஆடினார். பத்தொன்பது வயதில் தலைவர். தாயான பிறகும் திரும்பி வந்து, 2017-ல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவை வென்ற அணியில் இருந்தார். இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை வென்றது 75–73 என்று இரண்டே புள்ளியில். 2021-ல் பத்மஸ்ரீ வந்தது. உச்சம் தொடங்கும் வயது, முடியும் வயது என்று இரண்டு எண் போட்டு எழுதினால் இந்தப் பெண்ணின் பதினெட்டு வருஷத்தை எங்கே வைப்பது? பேறுகாலத்தை எந்த எண்ணில் கழிப்பது, திரும்பி வந்ததை எதில் கூட்டுவது?

2கே வரிசையில் அமெரிக்கப் பெண்கள் அணிகள் 2019-ல்தான் சேர்ந்தன. சில மாதத்தில், 2020 ஜனவரியில், அதே அணிகளின் நிஜ ஆட்டக்காரிகள் தங்கள் சங்கத்தின் மூலம் நிர்வாகத்தோடு பேசி, பேறுகால விடுப்புக்கு முழுச் சம்பளம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். அவர்கள் பேசியது மேலாளர் நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து. அந்தப் பக்கத்திலிருந்து ஆடுகிற விளையாட்டை அந்தப் பையனுக்கு யார் செய்து தருவார்கள்?