மேலே ஏற்ற ஒரு கம்பி, கீழே இறங்க ஒரு கடிகாரம்

பழனியில் விஞ்சில் ஏறிப் போய்ப் படி வழியே இறங்கி வருகிறவரை யாரும் விளையாட்டு வீரர் என்று சொல்வதில்லை. ஆனால் ஆல்பைன் பனிச்சறுக்கின் இலக்கணமே அதுதான். மேலே கொண்டுபோக இயந்திரம், கீழே வர மட்டும் கால்.

இந்த இலக்கணம் பிறந்த ஊர் சுவிட்சர்லாந்தின் மியூரன். 1,638 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறை விளிம்பில் இருக்கிறது. வெளியிலிருந்து கார் வரச் சாலை கிடையாது; கேபிள் காரும் மலை ரயிலும்தான் வழி. ஓட்டல் வாசலிலேயே சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். அங்கே இந்த விளையாட்டை வார்த்தெடுத்த ஆர்னால்ட் லன் 1888-ல் பிறந்தது நம் மெட்ராஸில். அப்பா ஹென்றி லன் இங்கே மருத்துவ மிஷனரியாக வந்தவர். பிறகு ஊர் திரும்பிச் சுற்றுலாத் தொழிலில் இறங்கியவர், 1910-11 குளிர்காலத்தில் மியூரன் மலை ரயிலைப் பனிக்காலத்திலும் ஓட்டச் சம்மதிக்க வைத்தார்.

அப்பா ஏற்றிவிட வழி செய்தார். மகன் இறங்குவதற்கு விதி செய்தார். அதுவரை நார்வேக்காரர்கள் வைத்ததே சட்டம். நடப்பது, ஏறுவது, தாண்டுவது எல்லாம் சேர்ந்தால்தான் அவர்களுக்குப் பனிச்சறுக்கு. திரும்பும் அழகுக்கும் மதிப்பெண் உண்டு. 1922 ஜனவரியில் மியூரன் சரிவில் கொடிகளை நட்டு நவீன ஸ்லாலத்தை நடத்திய லன், அழகைத் தூக்கிப் போட்டார். யார் குறைந்த நேரத்தில் வருகிறாரோ அவர் ஜெயித்தார், அவ்வளவுதான். 1931-ல் முதல் உலக ஆல்பைன் போட்டி அதே ஊரில் நடந்தது. 1936-ல் இந்த விளையாட்டு ஒலிம்பிக்குக்குள் போய்விட்டது.

லிஃப்ட் இந்த விளையாட்டுக்கு என்ன செய்தது என்று பார்க்க மியூரனின் இன்ஃபெர்னோ பந்தயம் போதும். 1928-ல் 17 பேர் 2,970 மீட்டர் ஷில்ட்ஹார்ன் உச்சிக்குக் காலால் ஏறித்தான் சறுக்கி இறங்கினார்கள். 1967-ல் உச்சிக்குக் கேபிள் கார் வந்தது. இன்று 1,850 பேர் வரை கலந்துகொள்கிறார்கள். ஏறுவதில் போகும் தெம்பு மிச்சமானால் ஒரே நாளில் பத்து முறை இறங்கிப் பழகலாம். திறமை அங்கேதான் கூடுகிறது.

தீர்ப்பைக் கடிகாரத்திடம் விட்டதன் பலன் பின்னலாடை நெய்யும் திருப்பூர் வரை எட்டுகிறது. 2014 சோச்சி ஒலிம்பிக் டவுன்ஹில்லில் டினா மாசேயும் டொமினிக் கிசினும் நூற்றில் ஒரு வினாடிகூடப் பிசகாமல் 1:41.57-ல் வந்து தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். மியூரனுக்கு எதிர்ப்புறம் உள்ள வெங்கனில் 2013-ல் யோஹான் கிளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அந்த வேகத்தில் துணியும் போட்டி போடும். அதனால் பந்தய உடைக்குச் சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எஸ்.ஸின் விதி ஒன்று இருக்கிறது: சதுர மீட்டருக்கு வினாடிக்குக் குறைந்தது 30 லிட்டர் காற்றாவது துணி வழியே கடக்க வேண்டும். காற்றே புகாத துணியைப் போட்டு வழுக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) பார்த்தே துணியை எடைபோடும் திருப்பூர் டெஸ்டிங் லேப்களுக்கு இந்தக் கணக்குப் புரியாததல்ல. ஆனால் நாம் இன்னும் பெரும்பாலும் பருத்தியில் நிற்கிறோம். வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும் பருத்தி பனியில் உடம்பைக் குளிர வைத்துவிடும். பனி விளையாட்டு உடைச் சந்தை பாலியஸ்டருக்கும் மெரினோ கம்பளிக்கும்தான்.

இனி நம் வீரர்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போனவர் ஒரே ஒருவர், காஷ்மீரின் ஆரிஃப் கான். பனி கொட்டிய அன்று ஏறத்தாழப் பாதிப் பேர் முடிக்காமல் போன ஜயண்ட் ஸ்லாலத்தில் அவர் இரண்டு சுற்றையும் முடித்து 45-வது இடம் பிடித்தார். தங்கம் வென்ற மார்கோ ஓடர்மாட்டுக்கும் அவருக்கும் இடைவெளி கிட்டத்தட்ட 38 வினாடி. ‘தைரியம் போதாது, தொழில்நுட்பம் போதாது’ என்று இதற்கு விளக்கம் சொல்வது சுலபம். நான் அப்படிப் பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்து எத்தனை முறை இறங்கிப் பழகினார் என்ற கணக்கு அது.

நம்மிடம் சரிவுகள் இல்லாமல் இல்லை. குல்மார்க்கில் கொண்டோலா ஏறத்தாழ 3,980 மீட்டர் வரை ஏற்றிவிடுகிறது. ஆனால் 2025 பிப்ரவரியில் பனி போதாமல் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டி மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. உத்தராகண்டின் ஔலிக்கு ஜோஷிமட்டிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் ரோப் கார் இருந்தது. 2023 ஜனவரியில் ஊரே மண்ணில் புதைய ஆரம்பித்ததும் அது நின்றது. சாலை இருப்பதால் ஔலிக்குப் போகலாம். ஆனால் போட்டிக்குத் தயாராகிறவருக்கு அங்கே போய்ச் சேர்வது மட்டும் போதாது. திரும்பத் திரும்ப உச்சிக்குப் போக வேண்டும்.

அடுத்த குளிர்கால ஒலிம்பிக் வரும்போதும் பதக்கம் எத்தனை என்றுதான் கேட்போம். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. நம் சரிவுகளில் அந்தப் பருவம் லிஃப்ட் எத்தனை நாள் ஓடியது? ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் எத்தனை முறை இறங்கக் கிடைத்தது? அந்த எண்கள் ஏறாமல் 38 வினாடி குறையாது.