துளை இல்லாத தாடைத் தகடு: ஃப்ரீகேட் 1.0-இன் லிங்க்கை எவ்வளவு நம்பலாம்?

ஒரு 125 மில்லிமீட்டர் பெஞ்ச் வைஸை ஃப்ரீகேட் 1.0-இல் முழுதாக வரைந்து, அதிலேயே அசெம்ப்ளியும் செய்து பார்ப்பது என்று உட்கார்ந்தேன். அடிப்பகுதி, நகரும் தாடை, ஸ்பிண்டில், கைப்பிடி, பாக்ஸ் நட், தாடைத் தகடு இரண்டு, தகடுகளைப் பிடிக்கும் எம்6 கவுண்டர்சங்க் ஸ்க்ரூ நான்கு. மொத்தம் பதினொரு பார்ட். ஆனால் வரைய வேண்டியவை ஏழுதான். தகடு ஒன்றை வரைந்தால் போதும், அதை இரண்டு இடத்தில் லிங்க் செய்துகொள்ளலாம். ஸ்க்ரூவும் அப்படியே. ஏழுக்கும் தனித்தனி ஃபைல், அவற்றைக் கோக்க எட்டாவதாக ஓர் அசெம்ப்ளி ஃபைல்.

மூன்றாம் நாள் தகட்டை மட்டும் திருத்தி வரைந்தேன். அசெம்ப்ளியைத் திறந்தால் இரண்டு தகடும் வழுவழுவென்று நிற்கின்றன. ஸ்க்ரூக்கான துளையே இல்லை. நான்கு ஸ்க்ரூவும் கெட்டி எஃகுக்குள் தலை வரை புதைந்திருக்கின்றன. சரி, தகட்டை வரையும்போதுதான் எங்கோ தவறிவிட்டேன் என்று தகடு ஃபைலைத் திறந்தேன். அங்கே துளை இருக்கிறது! சாய்வு வெட்டும் அளவும் மிகச் சரியாக இருக்கின்றன. மூலத்தில் சரி, அசெம்ப்ளியில் தவறு. கன்ட்ரோல்–ஆர் அடித்து மறுகணக்கிடச் சொன்னேன். எல்லாவற்றையும் மூடித் திறந்தேன். ஒன்றும் மாறவில்லை. சிவப்புக் குறியோ எச்சரிக்கையோ எதுவும் இல்லை.

இந்த மென்பொருளை மதிப்பிட இதைவிட நல்ல சோதனை கிடைக்காது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். உருவம் வரைவதை இன்று எல்லா கேட் மென்பொருளும் ஓரளவு ஒழுங்காகச் செய்கின்றன. வரைந்ததை வேறொரு ஃபைலில் கொண்டுவந்து காட்டும் இடத்தில்தான் தரம் தெரியும்.

ஃப்ரீகேட் 2002-இல் தொடங்கிய திறந்த மூலத் திட்டம். அதன் வடிவக் கணக்கெல்லாம் ஓப்பன் கேஸ்கேட் என்ற கெர்னலை நம்பியது. பல காலம் அதில் அசெம்ப்ளி என்பது வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளும் ஆட்-ஆன்களின் வேலையாகவே இருந்தது. ரியல்தண்டர் என்ற பெயரில் இயங்கும் நிரலாளரின் உழைப்பில் உருவான லிங்க் வசதி 2021-இல் வந்த 0.19 பதிப்பில் சேர்ந்தது. அதன்மேல் கட்டிய சொந்த அசெம்ப்ளி ஒர்க்பெஞ்ச் 2024 நவம்பரில் வெளியான 1.0-இல்தான் கிடைத்தது. ஆக, இந்த வசதி இன்னும் இளையது. அதை நினைவில் வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுகிறேன்.

லிங்க் என்பது நகல் அல்ல. அசெம்ப்ளி ஃபைலுக்குள் தகட்டின் உருவம் இல்லை. ‘இந்த ஃபைலில் இந்தப் பெயருள்ள பொருளை இந்த இடத்தில் காட்டு’ என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. வீடே வராமல் அதன் முகவரிச் சீட்டு மட்டும் வந்தது மாதிரி. அதனால் உருவம் தவறாகத் தெரிந்தால் மூன்று இடங்களில்தான் தேட வேண்டும். மூலம் தவறா, சீட்டில் எழுதியிருக்கும் முகவரி தவறா, லிங்க் தன் பங்குக்கு ஏதாவது மாற்றிக் காட்டுகிறதா. இந்த வரிசையை விட்டுவிட்டு அசெம்ப்ளிக்குள்ளேயே ஜாயின்ட்டுகளை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

என் தகட்டில் மூலம் சரி. ஆகவே முகவரியைப் பார்த்தேன். அசெம்ப்ளி ட்ரீயில் லிங்க்கின் மேல் ரைட் கிளிக் செய்தால் லிங்க் தொடர்பான கட்டளைகளில் ‘கோ டு லிங்க்டு ஆப்ஜெக்ட்’ என்று ஒன்று உண்டு. அதை அழுத்தினால் அந்த லிங்க் உண்மையில் எந்தப் பொருளைப் பிடித்திருக்கிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்தும். நிறுத்தியது. நான் வரைந்து முடித்த தகட்டில் அல்ல, அதே ஃபைலில் முதல் முயற்சியாக வரைந்து, பிடிக்காமல் மறைத்துவைத்திருந்த வேறொரு பாடியில்!

நடந்தது இதுதான். ஃப்ரீகேட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பெயர். ஒன்று நாம் வைக்கும் லேபிள். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இன்னொன்று பிறக்கும்போதே மென்பொருள் சூட்டும் உள்பெயர், அது மாறாது. முதல் பாடிக்கு ‘பாடி’, இரண்டாவதற்கு ‘பாடி001’. நான் தகட்டைப் புதிய ஃபைலில் வரைந்தேன். முதல் முயற்சி ‘பாடி’ ஆயிற்று. அதில் துளை போடவில்லை. அதை மறைத்துவிட்டு வரைந்த சரியான தகடு ‘பாடி001’. பிறகு இந்த ஃபைலைப் பழைய தகடு ஃபைலின் பெயரிலேயே சேமித்தேன். பழைய ஃபைலில் தகட்டின் உள்பெயர் ‘பாடி’. லிங்க் அந்தப் பெயரைத் தேடி வந்தது, அந்தப் பெயரில் ஒரு பொருள் இருந்தது, எடுத்துக் காட்டிவிட்டது. மூலத்தில் அது மறைந்திருக்கிறது என்பது பொருட்டே இல்லை. தனிப் பொருளின் லிங்க், மூலம் மறைந்திருந்தாலும் தெரியும் என்பது இதன் இயல்பு. இரண்டு முயற்சியும் வெளி அளவில் ஒன்றே என்பதால் ஜாயின்ட்டும் உடையவில்லை.

உள்பெயரைப் பார்க்க எளிய வழி: ட்ரீயில் பொருளின் மேல் மவுஸை வைத்தால் கீழே ஸ்டேட்டஸ் பாரில் தெரியும். இன்னும் உள்ளே போய்ப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று: ஃப்ரீகேட் ஃபைல் என்பது ஒரு ஜிப் பொட்டலம். பிரித்தால் டாக்குமென்ட் என்ற பெயரில் எக்ஸ்எம்எல் ஃபைல் ஒன்று இருக்கும், நோட்பேடிலேயே படிக்கலாம். அதில் லிங்க்கின் வரியில் மூல ஃபைலின் பெயர், அது கடைசியாக மாறிய நேரத்தின் முத்திரை, பொருளின் உள்பெயர் மூன்றும் அச்சடித்தாற்போல் இருக்கின்றன. லேபிளைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. நான் ஆசையாக வைத்த ‘தாடைத் தகடு – இறுதி’ என்ற பெயரை லிங்க் தேடவே இல்லை என்று அந்த வரியைப் பார்த்ததும் புரிந்தது. லிங்க்கின் பிராப்பர்ட்டியில் ‘லிங்க்டு ஆப்ஜெக்ட்’ என்ற இடத்தில் ‘பாடி001’-ஐத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு தகட்டிலும் துளை வந்தது.

இதை மென்பொருளின் பிழை என்று சொல்ல மாட்டேன். லேபிளை மாற்றினாலும் லிங்க் அறுந்துபோகாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான். ஆனால் ஒரு பெரிய குறை இருக்கிறது. ஃபைலின் நேர முத்திரை மாறியதை அது அறிகிறது, மறுகணக்கிடவும் செய்கிறது. ‘நீ காட்டச் சொன்ன பொருள் மூலத்தில் மறைக்கப்பட்டிருக்கிறது, பரவாயில்லையா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ட்ரீயில் சின்னக் குறியாவது போட்டிருக்கலாம். தொழில் செய்பவனுக்கு அந்த ஒரு குறி ஓர் எஃகுத் துண்டின் விலை.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களிலும் இந்தத் தொல்லை உண்டு, ரூபம்தான் வேறு. சாலிட்ஒர்க்ஸில் அதே பெயருள்ள வேறொரு பார்ட் ஏற்கெனவே திறந்திருந்தால் அசெம்ப்ளி அதையே எடுத்துக்கொள்ளும். இன்வென்டரில் ஃபைல் கிடைக்காவிட்டால் ‘ரிசால்வ் லிங்க்’ என்று பெட்டியைத் திறந்து கேட்கும். பெயரை நம்பி ஓடும் எந்த ஏற்பாட்டிலும் ஒரே பெயரில் இருவர் இருந்தால் குழப்பம்தான்.

மூலமே தவறாக இருக்கும் வகையையும் வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்தேன். பார்ட் டிசைனில் ஒரு பாடியின் இறுதி உருவம் எது என்பதை ‘டிப்’ என்ற ஒன்று தீர்மானிக்கிறது. நடுவில் ஒரு ஃபில்லெட் சேர்ப்பதற்காக டிப்பைப் பின்னுக்குக் கொண்டுபோய்விட்டு, வேலை முடிந்ததும் கடைசிக்குத் திருப்பி வைக்க மறந்தால், அதற்குப் பின் வந்த துளை, வெட்டு எல்லாம் ட்ரீயில் மட்டும் இருக்கும். பாடியின் உருவத்தில் சேராது. லிங்க் அந்தப் பாதி உருவத்தைத்தான் காட்டும். பாடியை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் ஒரு ‘பேட்’டைத் தேர்ந்தெடுத்துப் பொது லிங்க் கட்டளையைக் கொடுத்தாலும் இதே கதை. மூலத்தில் எத்தனை வேலை சேர்த்தாலும் லிங்க் அந்தப் பழைய கட்டத்திலேயே நிற்கும்.

இனி லிங்க்கே மாற்றிக் காட்டும் வகை. இதில் ஆளை அதிகம் குழப்புவது இடம்தான். லிங்க்குக்கு ‘லிங்க் டிரான்ஸ்ஃபார்ம்’ என்று ஒரு பிராப்பர்ட்டி இருக்கிறது. சாதாரணமாக அது ‘ஃபால்ஸ்’. அப்படியிருக்கும்போது மூலத்தின் சொந்த இடத்தை லிங்க் கண்டுகொள்ளாது. தன் ‘பிளேஸ்மென்ட்’ சொல்லும் இடத்தில் நிறுத்தும். ‘ட்ரூ’ ஆக்கினால் மூலத்தின் இடத்தோடு தன் இடத்தையும் கூட்டி நிறுத்தும். என் ஸ்பிண்டிலை மூல ஃபைலில் எக்ஸ் அச்சில் 80 மில்லிமீட்டர் தள்ளி வைத்திருந்தேன். ‘ட்ரூ’ போட்டதும் அசெம்ப்ளியிலும் அதே 80 தள்ளிப்போய் பாக்ஸ் நட்டுக்கு வெளியே நின்றது. இரண்டுமே முறையான நடத்தைதான். ஆனால் ஒரே அசெம்ப்ளியில் சில லிங்க் அப்படியும் சில இப்படியும் இருந்தால் தலை சுற்றும். என் யோசனை: மூலங்களை எல்லாம் அவற்றின் ஃபைலில் பூஜ்யத்திலேயே வையுங்கள், இந்தப் பிராப்பர்ட்டியைத் தொடாதீர்கள்.

நிறம் மாறித் தெரிந்தால் லிங்க்கின் ‘ஓவர்ரைடு மெட்டீரியல்’ ‘ட்ரூ’வில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மூலத்தில் எந்த நிறம் அடித்தாலும் இங்கே வராது. உருண்டையான கைப்பிடி பட்டை பட்டையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், உருவம் உருண்டைதான். திரைக்காக அதைச் சின்னச் சின்ன முக்கோணமாகப் பிரிப்பதுதான் முரடாக இருக்கிறது. ‘டீவியேஷன்’ எண்ணைக் குறைக்க வேண்டும். அதை லிங்க்கில் தேடிப் பயனில்லை. மூல ஃபைலில் குறைத்தால் எல்லா லிங்க்கும் சேர்ந்து வழவழப்பாகும்.

பல பாடிகளை ஒரு ‘பார்ட்’ கூட்டுக்குள் போட்டு அந்தக் கூட்டை லிங்க் செய்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதற்குள் இருக்கும் பொருள்களின் தெரிவதும் மறைவதும் மூலத்தோடு கட்டப்பட்டவை. மூலத்தில் ஒரு ஸ்க்ரூவை மறைத்தால் அந்தக் கூட்டின் எல்லா லிங்க்கிலும் மறையும். தனி லிங்க்குக்கு முன்சொன்னதும் கூட்டுக்குள் இப்போது சொல்வதும் நேரெதிராக இருப்பது புதியவர்களுக்கு நியாயமாகவே எரிச்சலூட்டும். இரண்டையும் ஒரே விதியில் கொண்டுவருவது அடுத்த பதிப்புகளில் நடக்க வேண்டிய வேலை என்பேன்.

ஃபைல் கிடைக்காமல் போகும் பிரச்சினை எனக்கு வந்தது ஒரே ஒரு முறை, அதுவும் ஸ்க்ரூ ஃபைலை மட்டும் விண்டோஸில் பெயர் மாற்றியபோது. நான்கு ஸ்க்ரூவும் காணாமல் போயின. பழைய பெயரைத் திருப்பி வைத்ததும் வந்துவிட்டன. எட்டு ஃபைலையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, நகர்த்தினால் ஃபோல்டரோடு நகர்த்தினால் தொல்லை இல்லை. பென் டிரைவில் வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோயும் பார்த்துவிட்டேன். வெளி ஃபைலை முழுதாக ஏற்றாமல் தேவையான பொருளை மட்டும் ஏற்றும் வசதியும் இதில் உண்டு. உருவம் அரைகுறையாக இருப்பதாகச் சந்தேகம் வந்தால் பிரிஃபரன்ஸில் அந்தப் பகுதி ஏற்றத்தை நிறுத்திவிட்டு மறுபடி திறந்து பார்க்கலாம்.

மற்றபடி, நான் எதிர்பார்த்ததைவிட இது உறுதியாக இருக்கிறது. ஸ்க்ரூவின் நீளத்தை 12-இலிருந்து 16 ஆக மாற்றினால் நான்கும் மாறுகின்றன. தாடையை இழுத்தால் தகடும் ஸ்க்ரூவும் கூடவே நகர்கின்றன. முகப்புகளின் எண் மாறி ஜாயின்ட் சிதறும் பழைய தலைவலியும் 1.0-இல் கணிசமாகக் குறைந்திருக்கிறது.

என் தீர்ப்பு: சொந்தப் பட்டறை வைத்திருப்பவர்கள், ஜிக் ஃபிக்ஸ்சர் செய்பவர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள் தாராளமாக இதில் அசெம்ப்ளி செய்யலாம், உரிமக் கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. தவறைத் தானே எடுத்துச் சொல்லும் பழக்கம் மட்டும் இதற்கு இன்னும் வரவில்லை, அந்த வேலை நம்முடையது. டிராயிங்கை மில்லிங்குக்கு அனுப்பும் முன் அசெம்ப்ளியின் ஒவ்வொரு லிங்க்கிலும் ரைட் கிளிக் செய்து மூலத்துக்குப் போய், நிற்கும் இடம் சரிதானா என்று பார்த்துவிடுங்கள். என் வைஸின் பதினொரு பார்ட்டுக்கும் அதற்கு ஆன நேரம் நான்கு நிமிடம்.