வெள்ளைப் பந்தைத் தொடும் தோல்

விராலிமலைக்குத் தோலின் குரல் நன்றாகத் தெரியும். மலைமேல் மயிலேறிய ஆறுமுகன். அந்தக் கோயிலைச் சார்ந்து வளர்ந்த சதிராட்டம், 2022-இல் பத்மஸ்ரீ பெற்ற முத்துக்கண்ணம்மாள் வரை நீண்டு வந்தது. சாமி புறப்பாட்டில் தவில் வாசிப்பவரின் கைகளைக் கவனித்திருப்பீர்கள். வலக்கை விரல்களில் துணியும் பசையும் சேர்த்து இறுகக் காயவைத்த கூடு, இடக்கையில் கழி. விரல்நுனியில் என்ன இருக்கிறதோ அதைப் பொறுத்து ஓசையின் குணமே மாறிவிடுகிறது. அப்படிப் பழகிய காதோடு ஒரு பூல் மேஜைப் பக்கம் போய் நின்று பாருங்கள். மற்றவர்கள் பந்து எந்தக் குழிக்குப் போகிறது என்று பார்ப்பார்கள். நீங்கள் கியூவின் நுனியைக் கேட்பீர்கள்.

அந்த நுனிக்கு டிப் என்று பெயர். பூல் கியூவில் ஏறக்குறைய 13 மி.மீ. அகலம், ஸ்னூக்கர் கியூவில் 9 அல்லது 10 மி.மீ. மேலே லேசாகக் குவிந்த ஒரு தோல் வில்லை. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள கியூவில் பந்தைத் தொடுவது அந்த ஒரு வில்லைதான். அதிலும் முழு வில்லையும் தொடுவதில்லை. ஓர் அடியில் பந்தோடு பொருந்துவது சுமார் 3 மி.மீ. அகலமுள்ள புள்ளி மட்டுமே. மேப்பிள், ஆஷ் மரங்களின் நேர்த்தி, கைப்பிடியின் இழைப்பு வேலை, ஆட்டக்காரரின் பல வருடப் பயிற்சி எல்லாம் அந்தப் புள்ளி வழியாகத்தான் பந்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

தோல் வருவதற்கு முன்பு வெறும் மரநுனியால்தான் அடித்தார்கள். பந்தின் நடுவை விட்டுச் சற்று விலகி அடித்தாலே மரம் வழுக்கிவிடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரிஸில் சிறையிலிருந்த பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஃபிரான்சுவா மேங்கோ கியூ நுனியில் தோலைப் பொருத்திச் செம்மைப்படுத்தியதாக வரலாறு. தோலும் அதன்மேல் பூசும் சாக் தூளும் சேர்ந்து பந்தைப் பற்றிக்கொண்டன. நடுவுக்குக் கீழே அடித்தால் பந்து பின்னோக்கி வந்தது, மேலே அடித்தால் தொடர்ந்து ஓடியது, பக்கத்தில் அடித்தால் மேஜை விளிம்பில் பட்டுத் திசை மாறியது. இன்று ஸ்க்ரூ, ஃபாலோ, சைடு என்று நாம் ரசிக்கும் வித்தைகள் எல்லாவற்றுக்கும் இந்தத் தோல்தான் வாசல்.

தோல் என்றால் எல்லாத் தோலும் ஒன்றல்ல என்பதை நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கிருந்து 30 கி.மீ. தொலைவிலுள்ள திருச்சியும், திண்டுக்கல்லும், ஈரோடும் தோல் பதனிடலுக்குப் பேர்போன ஊர்கள். நம் புன்செய்க் காடுகளில் மஞ்சளாகப் பூக்கும் ஆவாரையின் பட்டையைப் போட்டு ஊறவைத்து, கடுக்காயில் முடித்தெடுக்கும் தோல், ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போனது. பட்டையில் பதனிட்ட தோல் நார்கள் நிறைந்து, கட்டாக, அழுத்தினால் வடிவம் பிடித்துக்கொள்ளும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் இளகலாக, வளைவாக இருக்கும். டிப் செய்பவரின் முதல் தேர்வு இங்கேயே தொடங்கிவிடுகிறது. எந்த விலங்கின் தோல், உடம்பின் எந்த இடத்துத் தோல், எதில் பதனிட்டது, எவ்வளவு அழுத்தியது என்ற நான்கு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடைதான் பிறகு நம் கைக்குக் கடினமாகவோ மென்மையாகவோ வந்து சேர்கிறது.

மென்மையிலிருந்து தொடங்குவோம். எல்க் மாஸ்டர் என்ற நீலச் சாயல் டிப்பை ஸ்னூக்கர் ஆடியவர்கள் மறக்க மாட்டார்கள். ஒற்றைத் தோல், விலை குறைவு, பல ஆண்டுகள் ஸ்னூக்கர் கூடங்களின் வழக்கமான டிப் அதுவாகவே இருந்தது. புதிதாக ஒட்டியதும் அடித்தால் ‘தொப்’பென்று ஓர் அடங்கிய ஓசை. பந்து டிப்புக்குள் ஒரு கணம் அமிழ்ந்து பிறகு கிளம்புவதுபோலக் கைக்குத் தோன்றும். சாக் அதன்மேல் அழகாகப் படியும். மெல்லத் தட்டிவிடும் அடிகளில் இதன் அடக்கம் ஒரு சுகம். ஆனால் நூறு நூறாக அடிகள் வாங்க வாங்க அது அமுங்கும். ஓரங்கள் பிதுங்கி, டிப்புக்கு அடியிலுள்ள ஃபெரூல் வளையத்தைத் தாண்டிக் காளானாக விரியும். பழகிய ஓசை மெல்ல மாறிக்கொண்டே வரும். இதைத் தடுக்கத்தான் சிலர் இந்த டிப்பைப் பாலில் ஊறவைத்து, பட்டறைப் பிடிப்பானில் இறுக்கி, காயவைத்து ஒட்டுகிறார்கள். பின்னால் வரப்போகும் இறுக்கத்தை முன்னாலேயே கொடுத்துவிடும் யோசனை அது. அப்படிச் செய்த டிப் மென்மையின் இனிமையைக் கொஞ்சம் இழந்தாலும், நிலையாக நிற்கும்.

ஒற்றைத் தோலின் குறை அதன் இயற்கையிலேயே இருக்கிறது. முதுகுத் தோலின் நெருக்கம் வயிற்றுத் தோலில் கிடையாது. ஆகவே ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு டிப்கள்கூட இரண்டு விதமாகப் பேசும். அதற்கு விடையாக வந்ததுதான் அடுக்கு டிப். மெல்லிய பன்றித்தோல் தாள்களை எட்டு, பத்து என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்தி வெட்டுகிறார்கள். ஜப்பானின் மோரி, கமுய் இந்த வழியில் பெயர் பெற்றவை. ஒரு தாளின் குறையை இன்னொரு தாள் ஈடுசெய்வதால் டிப்புக்கு டிப் வேறுபாடு குறைகிறது. பக்கவாட்டில் விளக்கொளியில் திருப்பிப் பார்த்தால் மெல்லிய கோடுகள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தெரியும். தேய்த்துச் சீராக்கியபின் அந்தக் கோடுகள் முறியாமல் சுற்றி வந்தால் ஒட்டியவர் கைதேர்ந்தவர்.

அடுக்கு டிப்பின் நடுத்தரக் கடினத்தில் ஓசை தெளிகிறது. ‘டொக்’ என்று சுருக்கமாக, முழுதாகக் கேட்கும். வாங்கிய அடியில் ஒரு பகுதியை டிப் வைத்துக்கொள்கிறது, மீதியைக் கைக்குச் சொல்கிறது. நடுவில் பட்டதா, மயிரிழை விலகிப் பட்டதா என்பது விரல்களுக்குத் தெரிகிறது. கடின டிப்பில் இந்தச் செய்தி இன்னும் கூர்மையாகிறது. ‘டக்’கென்ற ஓசை, அதே வீச்சுக்குப் பந்து சற்று வேகமாகப் புறப்படுகிறது, வடிவம் நெடுநாள் கலையாது. ஆனால் அதன் முகம் அடிபட்டு அடிபட்டு வழவழப்பாகிவிடும். அந்த வழவழப்பில் சாக் நிற்காது. உப்புத்தாளால் லேசாகச் சுரண்டி முகத்தைத் திறந்துவைக்காவிட்டால், முக்கியமான அடியில் வழுக்கி மிஸ்கியூ ஆகும்.

கடினத்தின் எல்லையில் ஃபினாலிக் பிசின் டிப் நிற்கிறது. அது தோலே அல்ல. ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் அடிக்கவும் பந்தைத் தாவவைக்கவும் தனி கியூக்களில் பொருத்துகிறார்கள். அதன் ஓசை அறை முழுக்கக் கேட்கும். ஆற்றல் வீணாவது மிகக் குறைவு, வேகம் மிகுதி. வேகம் மட்டும் வேண்டிய இடத்தில் அது சரி. நுணுக்கம் வேண்டிய இடத்தில் அதற்குப் பேசத் தெரியாது.

இவ்வளவு வேறுபாட்டைக் காதும் கையும் சொல்லும்போது, மென்மையான டிப் பந்துக்கு அதிகச் சுழற்சி தரும் என்று நம்பத் தோன்றுவது இயல்பு. கூடங்களில் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அளந்து பார்த்தவர்கள் வேறு சொல்கிறார்கள். 1998-இல் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் அதிவேகக் கேமரா கொண்டு அடிகளைப் படமெடுத்தார்கள். பிறகு கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் பேராசிரியர் டேவிட் அல்சியாடோரும் பல சோதனைகள் செய்தார். டிப்பும் பந்தும் சேர்ந்திருப்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. மென்மையான டிப் சற்றுக் கூடுதலாகத் தொட்டிருக்கிறது. ஆனால் அதனால் சுழற்சி கூடுவதில்லை. பந்தின் நடுவிலிருந்து எவ்வளவு விலகி அடிக்கிறோம் என்பதே சுழற்சியைத் தீர்மானிக்கிறது. அந்த விலகல் பந்தின் ஆரத்தில் பாதியைத் தாண்டினால் எந்த டிப்பும் வழுக்கும். 57.15 மி.மீ. விட்டமுள்ள பூல் பந்துக்கு அந்த எல்லை ஏறக்குறைய 14 மி.மீ. சாக் நன்றாகப் படிந்த கடின டிப்பும் மென்மையான டிப்பும் அந்த எல்லைவரை ஒரே உதவியைத்தான் செய்கின்றன.

அதிர்வு மரத்தின் வழியே கைக்கு வந்து, கையிலிருந்து மூளைக்குப் போய் நாம் அறிவதற்குள் பந்து டிப்பை விட்டுப் போய்விட்டது. ஆகவே கையில் உணரும் எதுவும் அந்த அடியைத் திருத்தாது. ‘அப்படியானால் உணர்வுக்கு என்ன வேலை?’ என்று கேட்கலாம். அடுத்த அடிக்குத்தான் அதன் வேலை. இப்போது அடித்த அடியின் உண்மையான சாட்சி அது. ஓசையையும் அதிர்வையும் பந்தின் ஓட்டத்தோடு சேர்த்து உடம்பு பதிந்துவைத்துக்கொள்கிறது. அந்தப் பதிவுகள் சேரச் சேர, இவ்வளவு தூரம் ஸ்க்ரூ வர வேண்டுமானால் இந்த அளவு என்று கை தானாகவே எடைபோடக் கற்கிறது. சாட்சி ஒவ்வொரு நாளும் வேறு குரலில் பேசினால் இந்தக் கல்வி நடக்காது. டிப்பின் உயர்ந்த குணம் மென்மையோ கடினமோ அல்ல, மாறாமை.

மாறாமைக்கு வடிவமும் துணை. டிப்பின் குவிவை அளக்க அமெரிக்கர்கள் தங்கள் நிக்கல், டைம் நாணயங்களை வைத்துப் பார்ப்பார்கள். நமக்கு 2011 வரிசை நாணயங்கள் போதும். 22 மி.மீ. ஒரு ரூபாய் நிக்கலுக்கும், 19 மி.மீ. ஐம்பது காசு டைமுக்கும் அருகில் வரும். நாணயத்தின் விளிம்பு வளைவும் டிப்பின் முகமும் வெளிச்சம் புகாமல் பொருந்தினால் வடிவம் சரி. ஒரு ரூபாய் வளைவு தட்டையானது. நடுவில் அடிப்பவர்களுக்கு நிதானம் தரும். ஐம்பது காசு வளைவு எடுப்பானது. பந்தின் ஓரத்தில் அடிக்கும்போதும் டிப்பின் நடுப்பகுதியே பந்தைத் தொடும். நம் வானிலையும் கணக்கில் வர வேண்டும். தோல் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி கார்த்திகை மழையில் சற்று இளகும், புதுக்கோட்டைச் சீமையின் சித்திரை வெயிலில் இறுகும். கியூவைக் காரிலோ வெயில்படும் சுவரோரத்திலோ விட்டுவைக்காமல் உறையில் போட்டு வைப்பது டிப்புக்குச் செய்யும் மரியாதை.

இந்த நுட்பமெல்லாம் எங்கிருந்தோ வந்த சரக்கு என்று ஒதுங்க வேண்டியதில்லை. ஸ்னூக்கர் ஆட்டம் 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லெயின் என்ற ராணுவ அதிகாரியிடம் உருவானது. அன்று புழங்கிய பிளாக் பூல் ஆட்டத்தில் மேலும் வண்ணப் பந்துகளைச் சேர்த்தே அவர் அதை அமைத்தார். அதன் விதிகள் எழுதப்பட்டு 1882-இல் சுவரில் மாட்டப்பட்டது நம் ஊட்டி கிளப்பில். 2025 நவம்பரில் தோஹாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் இறுதியாட்டத்தில் ஹாங்காங்கின் இங் ஒன் யீயை 3-2 என்று வென்று பட்டம் பெற்ற அனுபமா ராமச்சந்திரன் சென்னைப் பெண். கடைசி ஃபிரேம் வரை போன அந்த ஆட்டத்தில் ஒவ்வோர் அடியையும் பந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு சிறு தோல் வில்லை.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஆடத் தொடங்குபவருக்கு நடுத்தரக் கடினமுள்ள அடுக்கு டிப்பே நல்லது. அது போதிய அளவு பேசும், வடிவம் காக்கும், சாக்கையும் பிடித்துவைக்கும். பெட்டிமேல் போட்டிருக்கும் ‘மீடியம்’, ‘ஹார்டு’ என்ற அச்சை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் இன்னொன்றின் கடினம். இரண்டு கியூக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தூரத்தில், ஒரே வேகத்தில், வெள்ளைப் பந்து பட்ட இடத்திலேயே நிற்கும்படி ஸ்டாப் அடி அடித்துப் பாருங்கள். முதலில் கண்ணை விட்டுக் காதைக் கேளுங்கள், பிறகு கையைக் கேளுங்கள், கடைசியாக டிப்பில் சாக் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். எது உங்களிடம் தெளிவாகப் பேசுகிறதோ அதை ஒட்டிக்கொள்ளுங்கள். ஒட்டியபின் அடிக்கடி மாற்றாதீர்கள். ஒரே டிப்போடு ஒரு வருடம் ஆடுபவர், மாதம் ஒரு டிப் மாற்றுபவரைவிட நன்றாக ஆடுவார்.