641 தற்செயலா?

எண் விந்தை நூல்களில் 4,29,49,67,297 என்ற எண்ணைக் கண்டிருப்பீர்கள். 2³² உடன் 1 கூட்டினால் வருவது. இதனைப் பகா எண் என 1640-இல் ஃபெர்மா கருதினார். 1732-இல் ஆய்லர், இது 641 × 67,00,417 எனக் காட்டினார். இத்துடன் நூலாசிரியர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். மேதையின் உள்ளுணர்வு என்று ஒரு வியப்புக்குறி வேறு! மாணவனை வாய்பிளக்க வைக்கும் இவ்வழக்கம் அவனைக் கணக்கிட வைப்பதில்லை.

இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும், அதனை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்று ஆய்லரே பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை! தேடலுக்கு ஒரு பென்சிலே போதும். இதை ஏன் மறைக்க வேண்டும்?

சரிபார்க்கப் பெரிய வகுத்தலும் வேண்டியதில்லை. 641 = 5 × 2⁷ + 1. எனவே 5 × 2⁷-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 எனக் கொள்ளலாம். நான்காம் அடுக்கிற்கு உயர்த்தினால், 625 × 2²⁸-இன் மீதி 1. ஆனால் 641 = 625 + 16 அல்லவா? ஆகவே 625-க்குப் பதிலாக −16-ஐ இடுங்கள். −2³²-இன் மீதி 1. அதாவது 2³²-இன் மீதி −1. அதனுடன் 1 கூட்டினால், மீதி சுழி.