எண்பதுக்கு மேலே ரத்தக்கட்டியை எடுக்கலாமா? ஹெர்மிஸ் ஆய்வை மறுபடி படித்தபோது

அருள்புரத்தில் எங்கள் லைன் வீட்டு ஆத்தா ஒருத்தருக்குப் பக்கவாதம். வயது 85. பல்லடம் ரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் பார்த்துவிட்டு, "கோயமுத்தூர் கொண்டு போங்க, கட்டியை எடுக்கலாம்" என்றார்கள். தொடை வழியாகக் குழாய் விட்டு, மூளையின் பெரிய ரத்தக்குழாயை அடைத்த கட்டியை இழுத்தெடுக்கும் த்ராம்பெக்டமி. வராண்டாவில் சொந்தக்காரர்கள் தயங்கினார்கள். சாவுக்குப் பயந்து இல்லை. "உசுரு மட்டும் மிஞ்சி படுக்கையில கெடந்தா யாருங்க பாக்கறது?" மகன், மருமகள் ரெண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போகிற வீடு. நியாயமான கேள்விதான்.

அந்தக் கேள்வியோடுதான் 2016 லான்செட்டில் வந்த ஹெர்மிஸ் தொகுப்பாய்வைத் திரும்ப எடுத்தேன். ஐந்து சோதனைகள், 1,287 நோயாளிகள். 80 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அதில் வரும் 3.68 என்ற எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது வாய்ப்பு விகிதம். வராண்டாவில் நிற்பவருக்கு உதவாது. உதவுகிற எண்கள் வேறு. 90 நாள் கழித்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற முதியவர்களில் 100க்கு 45 பேர் இறந்திருந்தார்கள். 14 பேர் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். கட்டியை எடுத்தவர்களில் இறப்பு 28, தானாக இயங்கியவர்கள் 30. இப்போது கழித்துப் பாருங்கள். உயிரோடு இருந்து பிறர் உதவி தேவைப்பட்டவர்கள் அங்கே 41, இங்கே 42. அதாவது, பயந்த கூட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அந்த 42 பேரும் படுத்த படுக்கை என்றும் அர்த்தமில்லை, கைத்தாங்கலாக நடப்பவரும் அதில் அடக்கம்.

ஆனால் இந்த எண்களை யாருக்கு வேண்டுமானாலும் பொருத்த முடியாது. நெதர்லாந்தின் மிஸ்டர் கிளீன் தவிர மற்ற நான்கு சோதனைகளும், முன்பு தானாக இயங்கியவர்களையே சேர்த்தன. ஸ்விஃப்ட் பிரைம் 80க்கு மேல் யாரையும் எடுக்கவில்லை. ஏற்கெனவே மறதி நோயோடு படுக்கையில் இருப்பவருக்கு 30 என்ற எண்ணைக் காட்டினால் அது ஏமாற்று. "வயது தடையில்லை" என்று 3.68ஐ நீட்டுகிறவரும், "வயசாயிருச்சு, விடுங்க" என்கிறவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்: பிறந்த வருஷத்தைப் பார்க்கிறார்கள். நேத்து வரைக்கும் எப்படி இருந்தாங்க என்று கேட்பதில்லை. ஆத்தா முந்தின நாள் ரேஷன் கடைக்கு நடந்து போய் வந்தவர்.

இன்னொன்று நேரம். அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவர்களுக்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கியது. 2018ல் வந்த டான், டிஃப்யூஸ் 3 ஆய்வுகளால் எல்லை நீண்டது உண்மை. ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளை மிச்சமிருந்தால் மட்டுமே. இங்கிருந்து கோவைக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல்.

வராண்டாவில் பேசி முடித்து வண்டி ஏறும்போது இன்னொரு ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.