பஞ்சப்பூருக்குப் போன பேருந்து நிலையம்

தமிழ்நாட்டின் நடுவில் இருப்பதால், எந்தத் திசைக்குப் போகிறவரும் திருச்சியில் பஸ் மாறுவது வழக்கம். அந்தக் கூட்டத்தைப் பல்லாண்டுகளாகச் சுமந்தது மத்திய பேருந்து நிலையம். வெளியூர் வண்டி ஒன்று வளைந்து உள்ளே நுழைந்தால் பின்னால் டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் அப்படியே நின்றுவிடும். அந்த நெரிசலுக்கு விடையாகத்தான் மதுரை நெடுஞ்சாலையில், பஞ்சப்பூரில், சுமார் ரூ. 408 கோடி செலவில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் எழுந்தது. 2025 மே மாதம் திறப்பு விழா. ஜூலையில் பஸ்கள் ஓடத் தொடங்கின.

இடத்தேர்வில் நியாயம் உண்டு. துவாக்குடியிலிருந்து வரும் அரைவட்டச் சாலை அங்கேதான் வந்து சேர்கிறது. தொலைதூர வண்டிகள் ஊருக்குள் புகுந்து புறப்பட வேண்டிய தேவை குறைகிறது.

ஆனால் பழைய நிலையத்துக்கு அருமையான பலம் ஒன்று இருந்தது: ரயில்வே ஜங்ஷன் நடந்து போகும் தூரம். ரயிலை விட்டு இறங்கியவர் பெட்டியோடு நடந்தே போய்ப் புதுக்கோட்டை பஸ்ஸில் உட்கார முடிந்தது. அந்த வசதியை இழந்தது சிறிய இழப்பல்ல. விராலிமலைப் பக்கமிருந்து வெளியூர் பஸ்ஸில் வந்து புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போகும் நோயாளிக்கும் இப்போது பஞ்சப்பூரில் இன்னொரு ஏறி இறங்கல், இன்னொரு டிக்கெட்.

சென்னை இதை முன்பே பார்த்துவிட்டது. கோயம்பேடு நிலையம் 2002இல் வந்தது. மெட்ரோ வந்ததோ 2015இல். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபோதும் பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை. கட்டடம் முதலில், இணைப்பு பிறகு என்ற இந்த வரிசைதான் கோளாறு.

இணைப்புக்கு நல்ல முன்மாதிரி திருச்சியிடம் கையிலேயே இருக்கிறது. சத்திரம் பேருந்து நிலையம் – ஜங்ஷன் தடத்தில் நேரம் பார்த்துக் கிளம்புவோர் யாருமில்லை. ஒன்று போனால் அடுத்தது வந்து நிற்கும். இதில் தனியார் டவுன் பஸ்களின் பங்கு பெரிது. கலெக்‌ஷனுக்காக ஒன்றையொன்று முந்தும் ஆபத்தும் அதே போட்டியின் விளைவு. 2021 மே முதல் பெண்களுக்குக் கிடைத்த இலவசப் பயணம் அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில்தான் செல்லும். கையில் குழந்தையோடு நிற்பவர் காலியாக வரும் தனியார் பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அடிக்கடி பஸ் வருகிறது என்று காகிதத்தில் இருப்பது அவருக்குப் பயன்படவில்லை.

பஞ்சப்பூருக்கு டவுன் பஸ்கள் விடப்பட்டிருக்கின்றன. அது போதாது. ஸ்ரீரங்கம், சத்திரம், ஜங்ஷன், பஞ்சப்பூர் நான்கையும் ஒரே நேர்த்தடமாக்கி, விடியற்கால ரயில் முதல் இரவு கடைசி பஸ் வரை சீரான இடைவெளியில் அரசு வண்டிகளை ஓட்ட வேண்டும். அரசு வெளியூர் பஸ்ஸில் திருச்சிக்கு டிக்கெட் எடுத்தவரிடம் ஜங்ஷன் வரை மீண்டும் கட்டணம் வாங்கவும் கூடாது. இந்தப் பகுதியின் அரசு வெளியூர் பஸ்களில் பெரும்பாலானவற்றையும் அரசு டவுன் பஸ்களையும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டமே நடத்துவதால், இதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.